தமிழ்நாட்டில் பொது சார்ஜிங் நிலையம்: விதி, மின் இணைப்பு, மானியம் – எதை முதலில் செய்வது?

சார்ஜரை வாங்கி இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு மின் இணைப்புக்கு அலைவதுதான் இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. பல நிறுவனங்களின் உத்தரவாதம் நிலையம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது சரக்கு அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். ட்ரான்ஸ்ஃபார்மருக்காக எட்டு மாதம் காத்திருந்தால், ஒரு வண்டிகூட ஏறாத சார்ஜரின் 12 மாத உத்தரவாதத்தில் இரண்டு மாதம் கிடங்கிலேயே கரைந்துபோகும்.

தமிழ்நாட்டில் சொந்த இடத்திலோ குத்தகை இடத்திலோ 30 முதல் 120 கிலோவாட் அளவில் மின்சாரக் கார்களுக்கான பொது சார்ஜிங் நிலையம் அமைக்கும் தனியாருக்கான வழிகாட்டி இது. வீட்டு பார்க்கிங்கில் ஒரு பாயின்ட் போட நினைப்பவர்களுக்கு 8-ஆம் பகுதி மட்டும் போதும்.

1. யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சார்ஜிங் நிலையத்துக்கு மின்சார உரிமம் தேவையில்லை. 2003 மின்சாரச் சட்டப்படி மின்சாரம் விற்க உரிமம் வேண்டும். ஆனால் வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது சேவை, மின்சார விற்பனை அல்ல என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. "லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

உரிமம் இல்லை என்பதால் கட்டுப்பாடும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அது நான்கைந்து கைகளில் இருக்கிறது.

ஒன்றிய மின் அமைச்சகம் வழிகாட்டுதல் தருகிறது. இப்போதைய பதிப்பு 2024 செப்டம்பர் 17-இல் வந்தது. கட்டண விகிதத்தை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். இணைப்பு தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், ஊர் வழக்கில் சொன்னால் ஈ.பி. பாதுகாப்புச் சோதனை அரசு மின் ஆய்வுத் துறையின் வேலை. சார்ஜிங் கட்டமைப்பை ஒருங்கிணைக்கும் மாநில முனைய அமைப்பு (நோடல் ஏஜென்சி) தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், ஒன்றிய வழிகாட்டுதலின் அச்சுப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் வாதாடுபவர்கள் நிறையப் பேர். உதவிப் பொறியாளரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவரைக் கட்டுப்படுத்துவது ஆணையத்தின் கட்டண ஆணையும் வழங்கல் விதித்தொகுப்பும்தான். வழிகாட்டுதலில் ஒரு சலுகை இருந்து ஆணையத்தின் ஆணையில் அது இல்லை என்றால், உங்கள் பில்லிலும் அது இருக்காது. திட்டம் போடும்போது ஆணையத்தின் கடைசி கட்டண ஆணையை முதலில் படியுங்கள். வழிகாட்டுதலை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

2. இடத்தைப் பூட்டுங்கள், ஆனால் வாடகையைத் தொடங்காதீர்கள்

சொந்த இடமாக இருந்தால் பத்திரம், சொத்து வரி ரசீது, வரைபடம் ஆகியவை விண்ணப்பப் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரில் பத்திரம், மகன் பெயரில் விண்ணப்பம் என்றால் அங்கேயே நிற்கும்.

குத்தகை இடமாக இருந்தால், வாடகை ஒப்பந்தம் வேறு, இணைப்புக்கான உரிமையாளர் ஒப்புதல் கடிதம் வேறு. இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இந்த ஒரு கடிதத்துக்காக ஒரு மாதம் போய்விடும்.

ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் கட்டாயம் வேண்டும். மின் இணைப்பு கிடைத்த நாளிலிருந்துதான் வாடகை. குறிப்பிட்ட மாதங்களுக்குள் லோடு கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து. சார்ஜர், கேபிள், பேனல் எல்லாம் வாடகைதாரருடையவை, போகும்போது எடுத்துச் செல்லலாம். இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகை யாருக்குத் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி வரியை எல்லோரும் மறப்பார்கள். காலி செய்யும்போது சண்டை அதில்தான் வரும்.

குத்தகைக் காலம் 10 ஆண்டுக்குக் குறைந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் செலவைப் போடும் அளவுக்கு அந்த இடம் பெறாது. பொது நிலத்தை வருவாய்ப் பகிர்வில் தரும்போது, சார்ஜிங்குக்குச் செலவான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 ரூபாயை நிலம் தந்த அமைப்புக்குக் கொடுக்கும் மாதிரியை ஒன்றிய வழிகாட்டுதல் சொல்கிறது. தனியார் உரிமையாளரிடம் பேரம் பேசும்போதும் இது நல்ல அளவுகோல். மாதம் 20,000 ரூபாய் நிலையான வாடகை என்றால், 4,000 யூனிட் விற்கும் மாதத்தில் ஒரு யூனிட்டுக்கு 5 ரூபாய் வாடகையாகவே போய்விடும்.

3. லோடு கணக்கு: துப்பாக்கியை எண்ணாதீர்கள்

சார்ஜர் மீது எழுதியிருப்பது வண்டிக்குள் போகும் திறன். ஈ.பி.யிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். 60 கிலோவாட் டி.சி. சார்ஜர் (நேர்மின்னோட்டம் தரும் வேக சார்ஜர்) சுமார் 94–95 சதவீதத் திறனில் வேலை செய்யும் என்றால், உள்ளே போக வேண்டியது ஏறத்தாழ 63.5 கிலோவாட். மூன்று ஃபேஸில், 415 வோல்ட்டில், இது ஏறத்தாழ 90 ஆம்பியர்.

காரில் செருகும் கேபிள் முனையைத்தான் துப்பாக்கி என்பார்கள். 60 கிலோவாட் இரட்டைத் துப்பாக்கி சார்ஜரை 120 கிலோவாட் என்று எழுதி விண்ணப்பிப்பவர்கள் உண்டு. இரண்டு வண்டி நின்றால் அது 60-ஐ 30, 30 ஆகப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு தவறால் தேவையில்லாத லோடுக்கு வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத்தொகையும் கட்டுவீர்கள். சில நேரம் தாழ்வழுத்த வரம்பையே தாண்டி, சொந்த ட்ரான்ஸ்ஃபார்மரோடு உயர்மின்னழுத்த இணைப்புக்குத் தள்ளப்படுவீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: 60 கிலோவாட் டி.சி. ஒன்று 63.5. 7.4 கிலோவாட் ஏ.சி. பாயின்ட் (மாறுமின்னோட்டம் தரும் மெது சார்ஜர்) இரண்டு 14.8. விளக்கு, கேமரா, காவலர் அறை 2. மொத்தம் 80.3 கிலோவாட். இரண்டு ஏ.சி. பாயின்ட்டும் ஒரு ஃபேஸில் 32 ஆம்பியர் எடுப்பவை. அவற்றை வெவ்வேறு ஃபேஸில் போடாவிட்டால் ஒரு ஃபேஸில் மட்டும் சுமை ஏறி, நியூட்ரலில் மின்னோட்டம் போய், டி.சி. சார்ஜர் மின்னழுத்தச் சமநிலை இல்லை என்று நின்றுவிடும்.

லோடு போதாவிட்டால் இன்னொரு வழி உண்டு. பெரும்பாலான டி.சி. சார்ஜர்களில் உச்சத் திறனை மென்பொருளில் குறைத்துப் பூட்டலாம். 60-ஐ 45-இல் பூட்டித் தொடங்கி, வியாபாரம் ஏறியதும் கூடுதல் லோடு வாங்கலாம். ஒரு காரை 20 நிமிடம் கூடுதலாக நிறுத்துவது, ட்ரான்ஸ்ஃபார்மருக்காக ஆறு மாதம் கடையை மூடி வைப்பதைவிட லாபம்.

4. ட்ரான்ஸ்ஃபார்மரை இரவு ஏழு மணிக்குப் பாருங்கள்

முழு வேலையிலும் இந்த ஒரு படிதான் உங்கள் செலவை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும்.

இடத்துக்கு அருகில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் தகட்டில் அதன் கொள்ளளவு கே.வி.ஏ. கணக்கில் எழுதியிருக்கும். 63, 100, 250, 500 ஆகியவை வழக்கமாகப் பார்ப்பவை. 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, எனக்கு 80 கிலோவாட்தானே வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதில் ஏற்கெனவே தெருவே தொங்கிக்கொண்டிருக்கும்.

பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, அந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் கடைசியாக எடுத்த உச்ச லோடு அளவைக் கேளுங்கள். டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) ஃபேஸ் வாரியாக எடுத்த ஆம்பியர் கணக்கு அவர்களிடம் இருக்கும். 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மரின் முழு மின்னோட்டம் ஒரு ஃபேஸுக்கு சுமார் 139 ஆம்பியர். மாலை ஏழு, எட்டு மணிக்கு அதில் 95 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் 44. உங்களுக்கு வேண்டியதோ நூற்றுக்கு மேல். காலை பதினோரு மணிக்கு எடுத்த அளவைக் காட்டி "இடம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்து இரவு அளவுதான் உண்மையான அளவு.

பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரே போதும். அல்லது அதை 250-ஆக உயர்த்த வேண்டும். அல்லது புதிதாக ஒன்று நட்டு, உயர்மின்னழுத்தக் கம்பியை இழுத்து வர வேண்டும். மூன்றாவதாக இருந்தால், அருகில் உள்ள 11 கே.வி. கம்பி எத்தனை மீட்டரில் இருக்கிறது, இடையில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். சாலையைத் தோண்ட அனுமதி வாங்குவது கம்பி இழுப்பதைவிட நீண்ட வேலை. சாலைக்கு இந்தப் பக்கம் 11 கே.வி. போகும் இடத்துக்குக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நட்டமில்லை.

இந்தப் பதில் கிடைக்கும் வரை சார்ஜருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

5. பணம் மூன்று பைகளில் இருக்கிறது

சார்ஜிங் நிலையத்தின் செலவை இரண்டாகப் பிரித்துப் பழகுங்கள். மீட்டருக்கு முன்னால் இருப்பவை ட்ரான்ஸ்ஃபார்மர், 11 கே.வி. கம்பி, கேபிள், சுவிட்ச் கியர். மீட்டருக்குப் பின்னால் இருப்பது சார்ஜர். மானிய ஆவணங்கள் முன்னதை மேல்நிலைக் கட்டமைப்பு என்றும் பின்னதைச் சார்ஜிங் கருவி என்றும் தனித்தனியே பார்க்கின்றன. இந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளாமல் மானிய அறிவிப்புகளைப் படித்தால் எதுவுமே விளங்காது.

முதல் பை, மின் பகிர்மானக் கழகத்துக்கு வரும் ஒன்றியப் பணம். சீரமைக்கப்பட்ட மின் பகிர்மானத் துறைத் திட்டத்தின் கீழ் ஒரு பகுதியின் பொதுக் கட்டமைப்பை உயர்த்தினால், அந்தச் செலவைப் பொது சார்ஜிங் நிலைய நுகர்வோரிடம் வாங்கக் கூடாது என்று ஒன்றிய வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே இணைப்புக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு கழகம் தரும் எஸ்டிமேட் கையில் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பகுதியில் அந்தத் திட்டத்தின் கீழ் ஏற்கெனவே வேலை ஒப்புதலாகியிருக்கிறதா? இருந்தால் உங்கள் எஸ்டிமேட்டில் அதே ட்ரான்ஸ்ஃபார்மர் வரக் கூடாது. இதைக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது நடக்காத காரியம். எழுத்தில் கேளுங்கள், செயற்பொறியாளர் அளவில் கேளுங்கள்.

இரண்டாவது பை, பி.எம். இ-டிரைவ். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, ஒன்றிய அரசின் 10,900 கோடி ரூபாய் மின்வாகன ஊக்கத் திட்டம். இதில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. 2025 செப்டம்பரில் வந்த செயல்முறை வழிகாட்டுதல் இடத்தை வகைப்படுத்துகிறது. எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் அரசு அலுவலகம், மருத்துவமனை, கல்வி நிறுவன வளாகங்களுக்கு, மேல்நிலைக் கட்டமைப்பு, சார்ஜர் இரண்டுக்குமே 100 சதவீதம். ரயில் நிலையம், விமான நிலையம், அரசு எண்ணெய் நிறுவன பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், சுங்கச்சாவடி போன்றவற்றுக்கு மேல்நிலைக் கட்டமைப்பில் 80, சார்ஜரில் 70 சதவீதம். வணிக வளாகம், சந்தை, சாலையோரம் போன்ற இடங்களுக்கு மேல்நிலைக் கட்டமைப்பில் மட்டும் 80 சதவீதம், சார்ஜருக்கு ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்று நிலையங்களுக்கும் மேல்நிலைக் கட்டமைப்பில் 80 சதவீதம்தான்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். இந்தப் பணத்துக்குத் தனியாள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஒன்றிய அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், மாநில அரசுகள் ஆகியவை இடங்களைத் திரட்டி முன்மொழிய வேண்டும். தனியார் உள்ளே வருவது, அந்த அமைப்புகள் விடும் ஒப்பந்தப்புள்ளி வழியாகத்தான். உங்கள் இடம் சொந்தப் பட்டா நிலம் என்றால், முனைய அமைப்பிடம் இடப் பட்டியலில் சேர்க்க வாய்ப்பு உண்டா என்று கேட்கலாம். அதை நம்பி வங்கிக் கடனுக்குக் கணக்கு போடக் கூடாது. பணம் வருவதும் இரண்டு தவணையில், நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு. முழுச் செலவையும் முதலில் நீங்கள்தான் தாங்க வேண்டும்.

மூன்றாவது, மாநிலக் கொள்கை. 2023 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறையும் மின்வாகன நகரங்களாக முன்வைத்து, சார்ஜிங் நிலையங்களுக்கும் சலுகைகளை அறிவித்தது. இத்தகைய மானியத்தில் வரிசைதான் எல்லாம். ஒப்புதல் வாங்குவதற்கு முன் பில் போட்ட கருவிக்கு மானியம் கிடைப்பது அரிது. பில் தேதியும் ஒப்புதல் தேதியும் முன்பின் ஆனதால் தள்ளுபடியான கோப்புகளுக்குக் குறைவில்லை.

மானியம் இல்லாவிட்டாலும் நிலையம் நிற்குமா என்று ஒரு கணக்கு போடுங்கள். நிற்காது என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

6. விண்ணப்பமும் எஸ்டிமேட்டும்

விண்ணப்பம் இணையவழியில். நோக்கம் என்ற இடத்தில் பொது மின்வாகன சார்ஜிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழக்கதோஷத்தில் வணிகம் என்று போட்டுவிட்டால் இணைப்பு வணிகக் கட்டணத்தில் வரும். பிறகு கட்டண மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம், தனி ஆய்வு. அதுவரை கட்டிய வித்தியாசம் போனதுதான்.

ஏற்கெனவே இருக்கும் கடை இணைப்பிலிருந்தே இழுத்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். வீடு, தொழிற்சாலை, விவசாயம் என்று வேறு நோக்கத்துக்கு வாங்கிய இணைப்பில் பொது சார்ஜிங் நடத்தினால், அது மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரமற்ற பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கு, பொருந்தும் கட்டணத்தின் இரு மடங்கில் மதிப்பீடு செய்வார்கள். தனி மீட்டர் இல்லாமல் சார்ஜிங் கட்டண விகிதமும் கிடைக்காது.

கட்ட வேண்டியவை: பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை, மின்நுகர்வு வைப்புத்தொகை. கடைசி இரண்டும் திரும்பக் கிடைப்பவை, எனவே ரசீதைத் தனிக் கோப்பில் வையுங்கள். வளர்ச்சிக் கட்டணமும் நுகர்வு வைப்பும் கிலோவாட் கணக்கில் ஏறும். 3-ஆம் பகுதியில் லோடைச் சரியாகப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

ட்ரான்ஸ்ஃபார்மரோ கம்பியோ உங்களுக்காகவே போட வேண்டியிருந்தால், அது வைப்பு பங்களிப்புப் பணியாக வரும். அலுவலகத்தில் டி.சி.டபிள்யூ. என்பார்கள். கழகமே செய்து பணம் வாங்கலாம், அல்லது மேற்பார்வைக் கட்டணம் கட்டி அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்ததாரர் மூலம் நீங்களே செய்யலாம். இரண்டாவது பெரும்பாலும் விரைவு, ஆனால் பொருள் அவர்கள் குறிப்பிடும் தரத்தில், சோதனைச் சான்றோடு வர வேண்டும். எப்படிச் செய்தாலும் முடிந்ததும் அந்தச் சொத்து கழகத்துடையது. அடுத்த மாதம் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு அதே ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இணைப்பு கொடுத்தால் தடுக்க முடியாது.

கால அளவு பற்றி: முழுமையான விண்ணப்பம் வந்த பிறகு பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைப்பாங்கான கிராமத்தில் 30 நாள் என்பது 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதி. "முழுமையான" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு காகிதம் குறைந்தால் கடிகாரம் ஓடாது. கம்பி நீட்டிப்போ புதிய ட்ரான்ஸ்ஃபார்மரோ தேவைப்பட்டால் இந்த நாள் கணக்கே பொருந்தாது.

தாமதம் நியாயமற்றது என்று தோன்றினால், வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதன் பிறகு மின்குறை தீர்ப்பாளர். ஆணையத்துக்கு நேராக எழுதினால் திருப்பி இங்கேதான் அனுப்புவார்கள்.

7. இப்போது சார்ஜர் வாங்கலாம்

எஸ்டிமேட் தொகையைக் கட்டி, வேலை தொடங்கும் நாள் தெரிந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். கார்களுக்கு டி.சி.யில் சி.சி.எஸ்.2, ஏ.சி.யில் டைப் 2 என்ற இணைப்பு முனை வகைகள் போதும். பழைய பாரத் டி.சி.-001 வகை 48, 72 வோல்ட் வண்டிகளுக்காக வந்தது. 15 கிலோவாட்டில் விலை மலிவு என்று அதை வாங்கி, இன்றைய காருக்குப் பொருந்தாமல் மூலையில் போட்டவர்கள் உண்டு.

விலைப்புள்ளியில் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஐ.எஸ். 17017 என்ற இந்தியத் தரத் தொடருக்கு ஏற்ற சோதனைச் சான்று, சார்ஜரும் செயலியும் பேசிக்கொள்ளும் பொது மொழியான ஓ.சி.பி.பி. நெறிமுறை, எந்த நிறுவனச் செயலிக்கும் மாற்றிக்கொள்ளும் உரிமை. மூன்றாவதை எழுதி வாங்காவிட்டால், விற்றவரின் செயலி மூடப்படும் நாளில் உங்கள் சார்ஜர் வெறும் பெட்டி.

பவர் மாட்யூல்களாகப் பிரிந்த சார்ஜரை வாங்குங்கள். 30 கிலோவாட் மாட்யூல் இரண்டு இருந்தால், ஒன்று செத்தாலும் இன்னொன்றில் கடை நடக்கும்.

8. கேபிள், எர்த், பாதுகாப்பு

90 ஆம்பியருக்கு 50 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு கேபிள், 60 மீட்டர் நீளத்தில், சுமார் 8 வோல்ட் இழக்கும். இது 2 சதவீதத்துக்கும் கீழ், போதுமானது. நீளம் 100 மீட்டரைத் தாண்டினால் ஒரு அளவு மேலே போங்கள். தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரில் மாலையில் ஏற்கெனவே 390 வோல்ட்டுக்கு இறங்கிவிடும் ஊர்களில், மிச்சத்தையும் கேபிளில் இழந்தால் சார்ஜர் குறைமின்னழுத்தம் காட்டி நிற்கும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறையில் சார்ஜிங் நிலையத்துக்குத் தனி விதிகள் உண்டு. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது அதன் இணைப்பு வாய் சார்ஜிங் பாயின்ட்டிலிருந்து 5 மீட்டருக்குள் வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது. கசிவு மின்னோட்டப் பாதுகாப்பு 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்க வேண்டும். சோதனைப் பதிவேடுகளை உரிமையாளர் வைத்திருக்க வேண்டும்.

இந்த 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி.யில் ஒரு நுணுக்கம். மின்சாதனக் கடையில் கேட்டால் ஏ.சி. வகையைக் கொடுப்பார்கள். வண்டியின் உள்சார்ஜரிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால், அந்த வகையின் காந்த வளையம் பூரிதமாகிக் குருடாகிவிடும், பிறகு உண்மையான கசிவையும் பார்க்காது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுந்துவிடும், எனவே எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். குறைந்தது ஏ வகை வேண்டும். ஏ.சி. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கண்டறிதல் இல்லை என்றால் பி வகை வேண்டும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனித்தனி. நான்கு பாயின்ட்டுக்குச் சேர்த்து ஒன்று போட்டால், ஒரு வண்டியின் கோளாறில் நான்கும் இருளும்.

எர்த் பற்றி: டி.சி. சார்ஜர் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தத்தைப் பார்க்கும். 2, 3 வோல்ட்டுக்கு மேல் போனால் பல சார்ஜர்கள் தொடங்கவே தொடங்காது. மழைக்காலத்தில் சோதித்து நிறைவாக இருந்த எர்த் குழி, மே மாதத்தில் காய்ந்து தடை ஏறிவிடும். கோடையில் "எர்த் ஃபால்ட்" என்று சார்ஜர் நின்றால், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே எழுந்துவிடும். எழுந்தால் குழி போதவில்லை என்று பொருள். இன்னொன்று தோண்டுங்கள், தண்ணீரையே நம்பியிருக்க வேண்டாம்.

உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பணி நிறைவுச் சான்று இல்லாமல் மீட்டர் வராது. உயர்மின்னழுத்த இணைப்பென்றால் மின் ஆய்வாளரின் அனுமதி வந்த பிறகே மின்சாரம் ஏற்ற முடியும். வரைபடத்தை அவரிடம் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒப்புதலுக்குக் கொடுங்கள். கட்டி முடித்த பேனலுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி போதாது என்று அவர் சொன்னால் உடைப்பது உங்கள் சுவர்.

9. முதல் பில்

மீட்டர் வந்த அன்றே அதன் படத்தை எடுத்து வையுங்கள்: வரிசை எண், தொடக்க அளவு, சி.டி. (மீட்டருக்காக மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் மின்மாற்றி) விகிதம். 200/5 சி.டி. என்றால் பெருக்கு எண் 40. பில்லில் அது வேறாக இருந்தால் எல்லா மாதமும் தவறும். ஒரு வாரம் கழித்து, சார்ஜர் செயலி காட்டும் மொத்த யூனிட்டையும் மீட்டரையும் ஒப்பிடுங்கள். மீட்டர் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அது சார்ஜர் இழப்பு. 20 சதவீதம் என்றால் பெருக்கு எண்ணோ வேறு லோடோ.

பிறகு கட்டண வகை, நேர வாரி அளவுகள், அனுமதித்த லோடு. மூன்றும் விண்ணப்பத்தோடு ஒத்திருக்க வேண்டும். வியாபாரம் இல்லாத முதல் மாதங்களில் மின்திறன் காரணி (பவர் ஃபாக்டர்) மோசமாக வரலாம். டி.சி. சார்ஜர் சும்மா நிற்கும்போது அதன் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் மட்டும் வேலை செய்யும். இரவில் வாடிக்கையாளர் வராத இடமென்றால் சார்ஜரின் உள்ளீட்டு பிரேக்கரை அணைத்துவிடலாமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

10. விலை வைப்பது

ஒன்றிய வழிகாட்டுதல் 2028 மார்ச் 31 வரை ஒரே பகுதிக் கட்டணம் (தனி நிலைக்கட்டணம் இல்லாமல் யூனிட் கணக்கில் மட்டும்), சராசரி வழங்கல் செலவை (ஒரு யூனிட்டை வழங்கக் கழகத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) மிஞ்சாமல் என்கிறது. காலை 9 முதல் மாலை 4 வரை அதன் 0.7 மடங்கு, மற்ற நேரம் 1.3 மடங்கு. தமிழ்நாட்டு ஆணையம் 2022 செப்டம்பரிலிருந்தே சார்ஜிங்குக்குத் தனிக் கட்டண வகை வைத்திருக்கிறது. உங்கள் பில்லுக்கு அதுதான் பொருந்தும். கணக்கு புரிவதற்காக மட்டும் சராசரிச் செலவு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பகலில் 5.60, மற்ற நேரம் 10.40. சார்ஜர் இழப்பு 6 சதவீதம் சேர்த்தால் விற்கும் ஒரு யூனிட்டின் அடக்கம் 5.96, 11.06. சேவைக் கட்டணம் 8 ரூபாய் வைத்தால் 13.96, 19.06. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வாடிக்கையாளர் கொடுப்பது பகலில் 16.47, மற்ற நேரம் 22.49.

வரி சேவைக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து விலை வைப்பவர்கள் ஆண்டு முடிவில் கையிலிருந்து கட்டுகிறார்கள். மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் நீங்கள் விற்பது சேவை. எனவே முழுத் தொகைக்கும் வரி. ஈ.பி. பில்லில் ஜி.எஸ்.டி. இல்லாததால் அதில் உள்ளீட்டு வரவும் கிடையாது.

நாள் முழுக்க ஒரே விலை வைப்பது அடுத்த தவறு. பகல் அடக்கத்தை வைத்து ஒரே விலை போட்டால், மேலே உள்ள கணக்கில் மாலை வண்டி ஒவ்வொன்றிலும் யூனிட்டுக்கு 5 ரூபாய் சேவைக் கட்டணத்திலிருந்து போகும். அலுவலகம் விட்டு வருபவர்கள்தான் அதிகம் என்பதால் மாதக் கணக்கே கவிழும். செயலியில் நேர வாரி விலையைப் பதிவு செய்துவிடுங்கள், வாயிலில் பெரிய எழுத்தில் இரண்டு விலையையும் எழுதி வையுங்கள். சேவைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கும்போது ஏ.சி.க்கும் டி.சி.க்கும், பகலுக்கும் மற்ற நேரத்துக்கும் தனித்தனியாக வரும். ஏ.சி. பாயின்ட்டில் டி.சி. விலையை வாங்கிப் புகாரில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

11. திறந்த பிறகு

இணையவழி முன்பதிவுக்கு ஏதாவது ஒரு வலையமைப்புச் சேவை நிறுவனத்தோடு இணைந்திருக்க வேண்டும். எரிசக்தித் திறன் பணியகத்தின் ஈ.வி. யாத்ரா தளத்தில் நிலையத்தைப் பதிவு செய்யுங்கள். நெடுஞ்சாலைப் பயணிகள் பலர் செயலிகளில் தேடித்தான் வருகிறார்கள். முகவரியைவிட வரைபடப் புள்ளி சரியாக இருப்பது முக்கியம். சாலையின் எதிர்ப்பக்கம் புள்ளி விழுந்திருந்தால், அடுத்த யூ-டர்ன் நான்கு கிலோமீட்டரில் இருக்கும்போது 6 சதவீத பேட்டரியோடு வருபவர் உங்களைத் திட்டிவிட்டுத்தான் போவார்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே. காலையில் ஒவ்வொரு துப்பாக்கியின் வாயையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகளில் கருமை படிந்திருந்தால் அந்தத் துப்பாக்கியை நிறுத்தி வையுங்கள். தளர்ந்த தொடர்பு சூடேறி சார்ஜர் தானே வேகத்தைக் குறைக்கும். வாடிக்கையாளர் வண்டியில் கோளாறு என்று நினைப்பார், நீங்கள் ஈ.பி.யில் கோளாறு என்று நினைப்பீர்கள்.